சாதாரண உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத சங்கம்

பழனிமலை ஒளிப்பதிவாளர் சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் பதவி உண்டு. தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், கொள்கை பரப்புச் செயலாளர், இவர்கள் போக ஒளிக்கு ஒரு துணைத் தலைவர், நிழலுக்கு ஒரு துணைத் தலைவர். சங்கம் தொடங்கிய அன்று கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ராஜமுருகனின் ஸ்டுடியோவில் ஏழு பேரும் உட்கார்ந்து, ஏழு பதவிகளையும் பங்கு போட்டுக்கொண்டு, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். சங்கம் என்றால் சாதாரண உறுப்பினர் என்று ஒரு ஜீவனும் வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த ஜீவன் தானாக இருக்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றும்?

சங்கத்தின் நோக்கம் ஒரே வரி. மலைப்பகுதியில் ஒளிப்பதிவுக் கலையை உயர்த்துவது. நிழலுக்கான துணைத் தலைவர் செல்லப்பாண்டி முதல் கூட்டத்திலேயே எழுந்து, "ஏழாயிரம் அடி ஒசரத்துல கெடக்கோம். மெட்ராஸ்காரங்க எல்லாம் கடல் மட்டத்துல நிக்கிறாங்க. இதுக்கு மேல எங்கிட்டு உயர்த்துறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவிலும் அதே ஏழு பேர். அது இன்னமும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட சங்கத்திடம் ஒரு காரியத்துக்காகப் போய் நிற்கிற தலையெழுத்து ஷைலாவுக்கு வந்தது.

ஷைலா நாயுடுபுரத்துக்காரி. கொடைக்கானலில் யார் வீட்டில் கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை என்றாலும் வீடியோவுக்கு அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், மண்டபம் பிடிப்பதெல்லாம் அப்புறம். வேலைக்குக் குறைவே இல்லை. ஆனால் அவளுக்கு அலுத்துவிட்டது. அவள் கேமராவைத் தூக்கினால் போதும், கல்யாண வீட்டில் அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பும். மாப்பிள்ளை தாலியைப் பார்த்துக் கட்டமாட்டான், லென்சைப் பார்த்துக் கட்டுவான். பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிற அம்மாக்காரி நடுவில் நிறுத்தி, "இப்ப அழவா, இல்ல லைட்டு போடணுமா?" என்று கேட்பாள். கேமராவைப் பார்க்காத ஒரு முகத்தை, அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டோ கலங்கிக்கொண்டோ இருக்கிற ஒரு முகத்தை, ஒரே ஒரு தடவையாவது எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது சினிமாவில்தான் நடக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயம் பார்த்து மன்னவனூர் புல்வெளியில் படப்பிடிப்பு என்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்திறங்கியது. இரண்டாவது கேமராவை இயக்க வேண்டிய ஆள் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, டம்டம் பாறை வருவதற்குள் ஆளே பாதியாகி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக் கீழே போய்விட்டார். தயாரிப்பு நிர்வாகி மனோஜ்குமார் உள்ளூரில் ஆள் தேடினார். ஷைலா எடுத்த கல்யாண வீடியோ ஒன்றை ஹோட்டல்காரர் காட்ட, அது அவருக்குப் பிடித்துப்போனது.

"உங்களையே போட்டுடலாம் மேடம். ஒரே ஒரு விஷயம். நீங்க இந்த ஊர்ச் சங்கத்துல மெம்பரா இருக்கணும்," என்றார் மனோஜ்குமார். "போன தடவை வெளியாளை வச்சோம்னு ஏழு பேர் வந்து கேமரா முன்னாடி உக்காந்துட்டாங்க. அன்னிக்கு முழுக்க ஹீரோ கேரவன்ல தூங்கினார். மறுபடியும் அது என்னால தாங்காது. வெள்ளிக்கிழமை பூஜை. அதுக்குள்ள மெம்பராகிட்டு வாங்க."

ஷைலா அங்கிருந்து நேரே ராஜமுருகனின் ஸ்டுடியோவுக்குப் போனாள். தலைவர் ராஜமுருகனும், செயலாளர் ஆக்னலும், இணைச் செயலாளர் உபகாரமும் இருந்தார்கள். ராஜமுருகன் அவளை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சேக்குறதுக்கு எங்களுக்கு என்னம்மா கசக்குதா? நம்ம ஊர்ப் பொண்ணு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல. புதுசா ஒருத்தரச் சேக்கணும்னா பொதுக்குழு ஓட்டுப் போடணும். பொதுக்குழுன்னா சாதாரண உறுப்பினருங்க."

"அவங்க எத்தன பேருங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப எப்படிங்க பொதுக்குழு கூடும்?"

"அதான் கூட மாட்டேங்குதே. வருஷா வருஷம் கூட்டுறோம், ஒரு ஆளும் வர்றதில்ல. ஒத்தி வச்சிடுறோம். அதுவரைக்கும் பழைய நிர்வாகிகளே தொடரணும்னு விதி. என்ன செய்ய, கஷ்டப்பட்டுத் தொடர்றோம்."

ஷைலாவுக்குத் தலை சுற்றியது. "உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் பதவிய ராஜினாமா பண்ணிட்டுச் சாதாரண உறுப்பினரானா போதும்லங்க?"

 உபகாரம் வாசலைப் பார்த்தார். ஆக்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தாராளமாப் பண்ணலாம்மா. ஆனா ராஜினாமாவப் பொதுக்குழுதான் ஏத்துக்கணும்," என்றார்.

"அப்ப இந்தச் சங்கத்துல பதவி போறதுக்கு வழியே கிடையாதா?"

"ஒண்ணு இருக்கு. செல்போன்ல படம் எடுத்தா போயிரும்."

அது சங்கத்தின் பெரிய சட்டம். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் போனைத் தூக்க ஆரம்பித்ததிலிருந்துதானே ஏரிக்கரையில் படம் எடுத்துப் பிழைத்தவர்கள் பிழைப்பு நாறிப்போனது. அதனால் சங்கத்துக்காரர் எவராவது செல்போனில் படம் எடுத்தது தெரிந்தால் அன்றைக்கே பதவி காலி. ஒரு வருஷத்துக்கு எந்தப் பதவிக்கும் நிற்க முடியாது. "இதுக்குப் பொதுக்குழுவே வேண்டியதில்ல. நாங்களே தண்டிச்சிருவோம்," என்று ஆக்னல் பெருமையாகச் சொன்னார். "ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் மாட்டினதில்ல."

ஷைலா உபகாரத்தைப் பார்த்தாள். உபகாரம் மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். உபகாரம் நல்ல மனுஷன், அதுதான் அவருடைய பலவீனம். விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, என்னைய விட்ரும்மா. என் மச்சினன் வீட்டு விசேஷத்துல இணைச் செயலாளர்னுதான் முன்வரிசையில சேர் போடுறாங்க. சாதாரண உறுப்பினர்னா ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னாடி உக்கார வச்சிருவாங்க. காது என்னத்துக்கு ஆகுறது?"

ஷைலா வாதாடவில்லை. யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். கேமராவைப் பார்க்காத முகம் பற்றி. இத்தனை வருஷமாகத் தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிய ஆயிரக்கணக்கான முகங்கள் பற்றி. "ஒரு தடவண்ணே. ஒரே ஒரு ஷாட்டு. அது கெடைக்கலன்னா நான் பாட்டுக்கு இப்படியே 'இங்க பாருங்க, இங்க பாருங்க'ன்னு கத்திக்கிட்டே கெழவியாயிருவேன்." சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கமாகிப் போனது.

உபகாரம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து, "என் போன்ல கேமரா சுமார்தான். பரவால்லையா?" என்று கேட்டார்.

மறுநாள் ஏரிக்கரையில், சவாரிக்கு நிறுத்தியிருந்த ஒரு குதிரையை உபகாரம் செல்போனில் படம் எடுத்தார். ஆக்னல் கையும் களவுமாகப் பிடித்தார். பிடிக்க வரச்சொல்லி உபகாரமே ஆக்னலுக்குப் போன் பண்ணியிருந்தார் என்பது வேறு விஷயம். குதிரை திரும்பிக்கொண்டதில் படத்தில் குதிரையின் வால்தான் விழுந்திருந்தது, ஆனாலும் குற்றம் குற்றம்தான். அன்று மத்தியானமே பதவி போயிற்று. சங்கத்தின் சரித்திரத்தில் முதன்முதலாக ஒரு சாதாரண உறுப்பினர் பிறந்தார், உடனே பொதுக்குழுவும் கூட்டப்பட்டது.

ஸ்டுடியோவில் ஒரு பக்கம் ஆறு நிர்வாகிகள். எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உபகாரம், அதாவது பொதுக்குழு. ஷைலா கதவோரம் நின்றாள். முறைப்படி பொதுக்குழுவின் அதிகாரங்களை வாசிக்க வேண்டும் என்று ஆக்னல் எழுந்தார். இத்தனை வருஷத்தில் அதை வாசிக்க அவசியம் வந்ததில்லை.

"பொதுக்குழுவே சங்கத்தின் உச்ச அதிகாரம் கொண்டது. தலைவர் உள்பட எந்த நிர்வாகியையும் நியமிக்கவோ நீக்கவோ..." என்று கணீரென்று ஆரம்பித்தவருக்குப் போகப் போகக் குரல் இறங்கியது. 

ராஜமுருகன் எழுந்து தன்னுடைய குஷன் நாற்காலியை உபகாரத்தின் பக்கம் தள்ளினார். "இதுல உக்காருங்கண்ணே. ஸ்டூல் ஆடுது." உபகாரம் அவரைவிடச் சின்னவர், இதுவரை 'ஏலே உபகாரம்' என்றுதான் பேர். செல்லப்பாண்டி ஓடிப்போய் டீ வாங்கிவந்தார். உபகாரம் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சீனி கம்மியா இருக்கு," என்றார். சீனி வந்தது. நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என்ன சொல்வது, நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனுக்கும் ஜன்மத்தில் ஒரு தடவைதான் இப்படி வாய்க்கும்.

"பொதுக்குழு கொஞ்சம் யோசிக்கணும்," என்றார். "நாளைக்குத் திரும்பக் கூடுறேன்."

ஷைலா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "அண்ணே, என் விஷயம்?"

"வரும் தங்கச்சி. எல்லாம் முறைப்படி வரும்." அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டு, ஆறு பேரும் வாசல்வரை வந்து வழியனுப்ப, பொதுக்குழு கிளம்பிப் போனது.

ஷைலாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊரில் எத்தனையோ பேர் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் அவள் மனசைத் திறந்து காட்டியதில்லை. இவரிடம் காட்டினாள், இவர் சீனி கேட்கிறார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் உபகாரத்தைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பியவள் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் கூட்டமாக இருக்கவே எட்டிப் பார்த்தாள். கைப்பிடிக் கம்பியோரம் சங்கத்து நிர்வாகிகள் ஆறு பேரும் வரிசையாக நின்று, ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பனிமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. உச்ச அதிகாரம் சாதாரண உறுப்பினரிடம்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எவன் தலைவனாக இருப்பான்?

"செயலாளரே, இங்கிட்டுப் பாருங்க, நான் எடுக்குறேன். பிடிங்க என்னைய," என்றார் பொருளாளர்.

"நானே எடுத்துக்கிட்டு நிக்கிறேன். என்னைய மொதல்ல யாராச்சும் பிடிங்கய்யா," என்றார் ஆக்னல்.

செல்லப்பாண்டி தன் பதவிக்குப் பொருத்தமாகத் தன்னுடைய நிழலையே எடுக்கப் பார்த்தார். வெயில் இல்லாததால் நிழல் விழவில்லை. ஆனாலும் முயற்சி செய்ததைக் குற்றமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடினார், எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவரைத் தண்டித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் ராஜமுருகன் மட்டும் மிஞ்சினார். அவரைத் தண்டிக்க நிர்வாகி எவரும் இல்லை. மனுஷன் தயங்கவில்லை. கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்க்க, நெஞ்சில் கைவைத்துத் தன்னைத்தானே பதவிநீக்கம் செய்துகொண்டார்.

அன்று பொதுக்குழுவில் ஏழு பேர். உபகாரத்துக்கு மறுபடி ஸ்டூல்தான் கிடைத்தது. இருந்த ஒரே குஷன் நாற்காலியில் ராஜமுருகன் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் உச்ச அதிகாரத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, கூட்டத்தைத் தொடங்கி வைக்கத் தலைவர் இல்லை, தீர்மானம் எழுதச் செயலாளர் இல்லை. ஏழு பேரில் எவரும் ஒரு வருஷத்துக்குப் பதவிக்கு வரவும் முடியாது. கடைசியில் ஏழு தலைகளும் ஷைலா நின்ற கதவுப் பக்கம் திரும்பின.

"இந்தப் பிள்ள போன்ல படம் எடுத்ததில்லையே," என்றார் செல்லப்பாண்டி.

முதலில் ஷைலாவை உறுப்பினராக ஏகமனதாகச் சேர்த்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, உபகாரத்தின் மேல் இருந்த கோபம்கூடப் பாதி போய்விட்டது. அடுத்த தீர்மானத்தில் அவளைத் தலைவராக்கினார்கள். அதற்கடுத்ததில் செயலாளர். அப்புறம் பொருளாளர், இணைச் செயலாளர், கொள்கை பரப்பு, ஒளி, நிழல் என்று ஏழு பதவிகளும் அவள் தலையில் வந்து விழுந்தன.

"எனக்குப் பதவியெல்லாம் வேண்டாம்ங்க. உறுப்பினரா இருந்தா போதும்," என்றாள்.

"ராஜினாமா பண்ணலாம்மா," என்றார் ஆக்னல். "பொதுக்குழு ஏத்துக்கணும். நாங்க ஏத்துக்கமாட்டோம்."

சரி, தொலையட்டும், தலைவரும் உறுப்பினர்தானே என்று நினைத்துக்கொண்டு ஷைலா மனோஜ்குமாரிடம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"தலைவரா? வாழ்த்துகள் மேடம். ஆனா ஒரு சங்கத் தலைவரை எப்படி நான் ரெண்டாவது கேமராவுக்குப் போடுறது? நாளைக்கே தலைவரை வேலை வாங்கினாங்கன்னு உங்க ஆளுங்க மறுபடி வந்து உக்காருவாங்க. நான் ஒரு சாதாரண மெம்பரைப் பாத்துக்கறேன். நீங்க சிறப்பு விருந்தினரா வந்து பூஜையில கேமராவை ஆன் பண்ணித் துவக்கி வைக்கணும். சால்வை எல்லாம் சொல்லிடறேன்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சங்கத்தில் இடம் கிடைக்காமல் இருந்தபோதாவது நம்பிக்கை என்று ஒன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மன்னவனூர் புல்வெளியில் பூஜை. இரண்டு கேமராவுக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். இரண்டாவது கேமராவுக்குப் பின்னால் நின்றது யார் என்கிறீர்கள்? உபகாரம்தான். சாதாரண உறுப்பினர்களிலேயே ஒரு நாள் மூத்தவர் என்று அவரைப் போட்டிருந்தார்கள். புது ஜெர்கின் போட்டுக்கொண்டு, ஷைலாவைப் பார்க்கும் தெம்பு இல்லாமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஆறு பேரும் ஓரமாக நின்றார்கள், எதற்கும் உட்காருவதற்குத் தயாராக.

எதிரே பாறைமேல் நடிகை உட்கார்ந்திருந்தார். யாரையோ எதிர்பார்த்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி. நல்ல நேரமும் பனிமூட்டம் விலகுவதும் ஒன்றாக அமைந்துவிட்டதால் பூஜை ஷாட்டையே நிஜ ஷாட்டாக எடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். முதல் கேமராவைத் தயாரிப்பாளரின் மாமனார் பொத்தானை அழுத்தித் துவக்கி வைத்துவிட்டு, கைதட்டலோடு விலகினார். ஷைலாவுக்குச் சால்வை போர்த்தி இரண்டாவது கேமராவிடம் கூட்டிவந்தார்கள். உபகாரம் ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சம்பிரதாயத்துக்கு ஒரு தடவை பார்ப்பதுபோலக் கண்ணை வைத்தாள்.

அந்த முகம் அவளைப் பார்க்கவில்லை. அது பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றில் முடி பறந்து வாயில் ஒட்டியதுகூடத் தெரியாமல், வருகிறவர் வரமாட்டார் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஷைலா கேமராவை மெதுவாக, அந்தப் பார்வை போகிற பக்கம் திருப்பினாள்.

கைதட்டல் முடிந்து வெகுநேரமாகிவிட்டது. "தங்கச்சி, ஆன் பண்ணியாச்சுல்ல," என்று உபகாரம் கிசுகிசுத்தார். அவள் அசையவில்லை. மனோஜ்குமார் குனிந்து வந்தார்.

"மேடம், துவக்கி வச்சாச்சு. வர்றீங்களா?"

"இல்ல சார். துவக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் கண்ணை எடுக்காமல்.

மனோஜ்குமார் உபகாரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். "நீங்க சொல்லுங்க சார், உங்க ஆளுதானே."

"தலைவர நகருங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லிங்க. செயலாளர்தான் சொல்லணும்."

"செயலாளர் எங்கே?"

"அங்கதான், கேமராவுல இருக்காங்க."

"சரி, ஒரு துவக்க விழான்னா எப்பத்தான் முடியும்?"

"நன்றியுரை சொன்னா முடிஞ்சிரும்ங்க. எந்த விழாவும் அப்படித்தான."

"அப்ப யாராவது சொல்லித் தொலைங்களேன்."

உபகாரம் தலையைச் சொறிந்தார். "நன்றியுரை இணைச் செயலாளர்தான் சொல்லணும். போன வாரம்னா நானே சொல்லியிருப்பேன். இப்ப அதுவும் அவங்கதான்."

மனோஜ்குமார் ஓரமாக நின்ற ஆறு பேரையும் பார்த்தார். ஆறு பேரும் உட்காருகிற மாதிரி முழங்காலை மடக்கினார்கள். அந்நேரம் அவர் கையிலிருந்த வாக்கி டாக்கியில் முதல் கேமராவிலிருந்து ஒளிப்பதிவாளரின் குரல் கேட்டது. "ரெண்டாவது கேமரா, ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே போங்க." மனோஜ்குமார் குனிந்தபடியே வந்த வழியே திரும்பிப் போனார்.

உபகாரம் கேமராவிடம் திரும்பி வந்தார். சால்வை நழுவி லென்சுக்கு முன்னால் விழப்போனது. அதை மெதுவாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வேலை முடியும்வரை அவளுக்குப் பின்னாலேயே நின்றார்.

வெளிச்சம் போய் எல்லாரும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் ஷைலா கேமராவைவிட்டு நிமிர்ந்தாள். மனோஜ்குமார் வந்து கைகட்டி நின்றார்.

"தலைவரே, அந்த நன்றியுரையை எப்ப வச்சுக்கலாம்?"

"அவசரமில்லங்க, ஷெட்யூல் முடியட்டும்," என்றாள் ஷைலா லென்சைத் துடைத்துக்கொண்டே. "காலையில வண்டிய வெள்ளனே அனுப்பிருங்க. விழா பாதியில கெடக்கு."